கண் இல்லாத இருதலைப்பட்சி

அத்தியாயம் 6

பரசுராமனின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அவர் ரிப்பன் வெட்டும் புகைப்படங்கள் பதினான்கு இருந்தன. கண்ணாடிக்கு மேலே ஒரு பட்டுப்புடவை கிடந்தது. பிணத்தின் முகத்துணியை விலக்குவதுபோல் அதன் முந்தியை விலக்கிக் காட்டினார்.

“கொலை, அம்மையீர். பட்டப்பகல் படுகொலை.”

துப்பறியும் ஸுபத்ரா குனிந்து பார்த்தாள். அரக்குச் சிவப்பில் ஜரிகைப் பறவை. ஒரே உடம்பு, இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்க்கும் இரண்டு தலைகள். இருதலைப்பட்சி. அவளுடைய உதவியாளன் சிட்டிபாபு பன்னிரண்டு வருஷம் தறிக்குழியில் உட்கார்ந்து, முட்டி தேய்ந்து, அதன்பிறகு துப்புத் துலக்க வந்தவன். புடவையை விரலால் நிமிண்டினான்.

“ரத்தம் ஒண்ணும் இல்ல மேடம். ஜரிகைதான் உதிர்துது.”

பரசுராமன் அவனைப் பார்க்காமல் தொண்டையைச் செருமினார். நவரத்தினப் பட்டு நெசவாளர் சங்கத்துக்கு மூன்றாவது முறையாகத் தலைவர். மைக் இல்லாவிட்டாலும் மைக் இருப்பதுபோலவே பேசுவார்.

“இந்த ஈராயிரத்து இரண்டாம் ஆண்டு தீபாவளிக்கென நம் சங்கம் கட்டிக்காத்த ரகசியம் இந்தப் பட்சி. நமது தறியிலேயே இன்னும் ஏறவில்லை. நேற்றிலிருந்து உமாபதியின் கடைக் கண்ணாடிக்குள் தொங்குகிறது! தேர்தலில் என்னை எதிர்த்து நின்ற அதே உமாபதி. பதினோரு ஆண்டுகளாக அவன் நிழல்கூட என் வாசலில் விழுந்ததில்லை.”

“யார் மேல சந்தேகம்?”

“சந்தேகமா? நானே கண்டுபிடித்துவிட்டேன். தாங்கள் லெட்டர்ஹெட்டில் கையெழுத்துப் போட்டால் போதும். வீரபத்திரன். வரைந்தவனே விற்றவன்.”

“எப்படித் தெரிஞ்சுது?”

அவர் விரல் பறவையின் இரண்டு முகங்களையும் மாறிமாறித் தொட்டது. “கண் எங்கே?”

இல்லை. இரண்டு தலைகளிலும் மூக்கு இருந்தது, கொண்டை இருந்தது, கண் இருக்க வேண்டிய இடம் வழித்துத் துடைத்தாற்போல் இருந்தது.

பரசுராமன் விளக்கினார். சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. டிசைன் வரைபவர் கட்டத்தாளில் உருவம் முழுவதையும் வரைந்துவிட்டுக் கண்ணை மட்டும் விட்டுவைப்பார். நல்ல நாள் பார்த்து, வெற்றிலை பாக்கு வைத்து, தலைவர் முன்னிலையில் கண்ணுக்கான கட்டத்தை நிரப்புவார். கண் திறப்பு என்று பெயர். அதுவரை தாள் வரைபவர் வீட்டில் இருக்கும். அதன்பிறகு தலைவரின் பீரோவில்.

“கடைப்புடவையில் கண் இல்லை. ஆக, கண் திறப்பதற்கு முன்பே நகல் வெளியேறிவிட்டது. அப்போது தாள் எவன் கையில்? மாலை நான்கு மணிக்கு நிர்வாகக் குழு கூடுகிறது. அவனை நீக்கி, வாசல் பலகையில் பெயரை ஒட்டுவோம்.”

ஸுபத்ரா நிமிர்ந்தாள். அந்தப் பலகையில் பெயர் ஏறிய வரைபவருக்குக் காஞ்சிபுரத்தில் ஒரு கைக்குட்டையின் ஓரப்பூவைக்கூட எவரும் வரையக் கொடுக்கமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். பரசுராமனுக்கும் தெரியும், அதனால்தான் அதை ஒரு பண்டிகை மாதிரி சொன்னார்.

“ரெண்டு தலைக்கும் நடுவுல இது என்ன சார்? சாய்ஞ்ச பிறை மாதிரி?”

“அது உமாபதி சேர்த்த ஆபாசம். ‘சந்திரப்பட்சி’ என்று பெயர் வேறு வைத்திருக்கிறான்.”

“ஓஹோ” என்றாள் ஸுபத்ரா.

வெளியே வந்து டிவிஎஸ் வண்டியை உதைத்தபோது சிட்டிபாபு கேட்டான்: “அந்த ஓஹோவுக்கு இன்னா அர்த்தம் மேடம்?”

“வானத்துலேருந்து நிலாவைக் கொண்டுவந்து வெச்சவனுக்கு, ரெண்டு கண்ணு வெக்கத் தோணலையா பாபு?”

*

ஐயம்பேட்டையில் வீரபத்திரனின் வீட்டுக் கூடத்தில் ஒரு டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது. துணிமணி பாதி உள்ளே, பாதி வெளியே. பென்சில்களை ரப்பர்பேண்டு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

சிட்டிபாபு ஸுபத்ராவின் காதில், “பட்சி பறக்க ரெடி” என்றான்.

“மெதுவா பேசறதா நெனச்சுக்கினு சத்தமா பேசறியே தம்பி” என்றார் வீரபத்திரன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். இருபத்திரண்டு வருஷம் சங்கத்துக்குப் பூவும் கொடியும் வரைந்தவர். “ஆமா, போறேன். நாலு மணிக்குப் பேர ஒட்டிடுவாங்கோ. அப்புறம் இந்த ஊர்ல எனக்கு இன்னா வேல? எங்கனா போய் ஊதுபத்தி அட்டைக்கு ரோஜாப்பூ வரைய வேண்டியதுதான்.”

“நீங்க வித்தீங்களா?” ஸுபத்ரா நேராகக் கேட்டாள்.

“வித்திருந்தா பெட்டி புதுசா இருக்கும்மா.”

அது பதிலா, தப்பித்தலா என்று ஸுபத்ராவுக்குத் தீர்மானிக்க முடியவில்லை. பதிலை இவ்வளவு சுத்தமாக வைத்திருப்பவர்களை அவள் எப்போதும் கொஞ்சம் தள்ளியே வைப்பாள்.

“கடையில தொங்கற புடவையைப் பார்த்தீங்களா?”

“எனக்கு எவன் காட்டினான்? ‘கண்ணு இல்ல, அதனால நீதான்’னு சொன்னாங்கோ. நான் கண்ணு வெச்சேம்மா. வைகாசில, தலைவர் எதிர்ல, ரெண்டு தலைக்கும் ரெண்டு கட்டம்.”

“அன்னிக்கு என்ன நடந்தது? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

“இன்னா நடக்கும்? தலைவர் பேசினாரு, பேசினாரு, வெத்தல வாடிப்போச்சு. அப்புறம் தாள்ல கையெழுத்து போடறேன்னு மைப்பேனாவ எடுத்து ஒரு ஒதறு ஒதறினாரு. பட்சி தலைங்க நடுவுல விழுந்துச்சு ஒரு சொட்டு. எனக்கு வயிறு எரிஞ்சுது. இவரு இன்னா பண்ணாரு தெரியுமா? கட்டைவிரலால தொடைச்சாரு. சொட்டா இருந்தது இழுத்துக்கினு பிறையாட்டம் ஆயிடுச்சு.”

சிட்டிபாபு வாயைத் திறந்தான். ஸுபத்ரா அவன் காலை மிதித்தாள்.

“அப்போ அந்தத் தாளை வெச்சு நெய்யறவன் பிறையையும் சேர்த்து நெய்ஞ்சுடுவானே?”

வீரபத்திரன் சிரித்தார். அன்றைக்கு முதல்முறையாக இருக்கலாம். “எவம்மா நெய்வான்? நான் பட்சிய வரைஞ்சது செவப்புல. தலைவர் மை ஊதா. பச்சைப்புள்ளைக்குக்கூடத் தெரியும், அது டிசைன் இல்ல, தலைவருன்னு.”

தெருமுனைக்கு வந்தார்கள். டீக்கடை வந்ததும் சிட்டிபாபு வண்டியை நிறுத்திவிட்டான்.

“மேடம், பிறை இருக்குதுன்னா நகல் எடுத்தது மை கொட்டினப்புறம். மை கொட்டினது கண்ணு தெறந்தப்புறம். அப்போ கண்ணு இருந்திருக்கணும். ஆனா கண்ணு இல்ல. எவனோ கண்ண மட்டும் நோண்டி எடுத்துக்கினு, தலைவர் சிந்தினத பத்திரமா வெச்சிருக்கான்.”

“அவர் சொல்றது நிஜமா இருந்தா.”

“பொய்யின்னா?”

“பொய் சொல்றவர் பிறையைப் பத்தி ஏன் தானா சொல்லணும்? புடவையை அவர் பார்க்கவே இல்லைன்னார். பார்த்ததையே மறைக்கறாரோ என்னமோ.” டம்ளரை வைத்தாள். “கண் திறந்த அன்னிக்கு அந்தத் தாள் பீரோவுக்குள்ள போகறதுக்கு முன்னாடி வேற எங்க போச்சுன்னு கிளம்பறப்ப கேட்டேனே, என்ன சொன்னார்?”

“கம்ப்யூட்டர் ரூமுக்கு.”

*

சங்கத்தின் மாடியில் இருந்த அந்த அறைக்குப் ‘பரசுராமன் கணினிக் கருவூலம்’ என்று பித்தளைப் பலகை. செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டும். கம்ப்யூட்டரின் நெற்றியில் சந்தனம், குங்குமம். ஏசி ஓடியது. ஏசிக்கு நேர் கீழே சால்வை போர்த்திக்கொண்டு கலையரசி உட்கார்ந்திருந்தாள். சங்கத்தின் ஒரே ஆபரேட்டர்.

“பழைய டிசைன் எல்லாம் நீங்கதான் ஸ்கேன் பண்ணீங்களாமே?”

“இருநூத்திப் பதினாலு தாள் மேடம்.” பயத்துக்கு நடுவே ஒரு பெருமையும் எட்டிப்பார்த்தது. “கலர்ல எடுத்து சிடில போட்டு வெச்சிருக்குது. ஆனா அத எவரும் பாக்க முடியாது. ஒரு தாள் தெறக்கறதுக்குள்ள சாமி பொறப்பாடு முடிஞ்சிரும். அவ்ளோ பெரிய ஃபைல்.”

“பாக்க முடியாதத எதுக்கும்மா எடுத்தீங்கோ?” என்றான் சிட்டிபாபு.

“தொறப்பு விழாவுக்கு.”

ஸுபத்ரா உதட்டைக் கடித்துக்கொண்டாள். “அப்புறம்?”

“தலைவர் வீட்ல கம்ப்யூட்டர் வாங்கினாரு. ‘யான் நாள்தோறும் நோக்க வேண்டும், எளிதாக்கிக் கொடு’ன்னாரு. நான் ஒரு மாசம் உக்காந்து பண்ணேன் மேடம். கோணலா இருந்த தாளெல்லாம் நேராக்கினேன். மஞ்சக்கறை, மடிப்பு, பின்னாடி கட்டக்கோடு எல்லாம் எடுத்துட்டுப் பளிச்சுனு வெள்ளையாக்கினேன். எல்லாத்தையும் ஒரே புஸ்தகமாட்டம் சேத்து, ஓரத்துல பேர் வரிசை. பேர்மேல தட்டினா டக்குனு தாள் வந்து நிக்கும். சின்னச் சின்னதா, லேசா.”

“அந்த லேசான பிரதியைக் காட்டுங்க.”

“இங்க இல்ல மேடம். எடம் பத்தலன்னு அழிச்சுட்டேன். ஒரே ஒரு சிடி. தலைவர் வீட்ல இருக்குது.”

“இருதலைப்பட்சியை இப்ப என் எதிர்ல மறுபடி பண்ண முடியுமா? அன்னிக்குப் பண்ணின மாதிரியே, ஒண்ணையும் மாத்தாம.”

முதலில் கலர் ஸ்கேன் வந்தது. வந்தது என்பதைவிட, மேலிருந்து கீழே சொட்டுச் சொட்டாக இறங்கியது என்பதே சரி. கொண்டைகள். மூக்குகள். சிவப்புப் பறவை. இரண்டு முகத்திலும் சின்னஞ்சிறு சிவப்புக் கட்டம்: கண். நடுவில் ஊதாவில் ஒரு பெருவிரல் தீற்றல்.

வீரபத்திரன் பொய் சொல்லவில்லை.

“இப்ப எளிதாக்குங்க.”

கலையரசி தட்டினாள். திரையில் ஒரு நீலப்பட்டை மெல்ல நீண்டது. தாள் லேசாகத் திரும்பி நேரானது. மஞ்சள் கறை போயிற்று. கட்டக்கோடுகள் போயின. சிவப்பும் ஊதாவும் கரைந்து எல்லாம் ஒரே கறுப்பாயிற்று.

“கடைசியா தூசு எடுக்கறது” என்றாள். “தாளெல்லாம் ஒரே புள்ளி, பொடி. அதனால இந்த அளவை முழுசா ஏத்திட்டேன். தனியா நிக்கற சின்னப் புள்ளி எல்லாத்தையும் அதுவே பொறுக்கிடும்.”

தட்டினாள். புள்ளிகள் மறைந்தன. கூடவே, சத்தமில்லாமல், இரண்டு கண்களும் மறைந்தன.

பிறை மட்டும் பட்சியின் கறுப்பிலேயே, பட்சியோடு பிறந்ததுபோல், நடுவில் நின்றது.

“யப்பா!” என்றான் சிட்டிபாபு. “வீரபத்திரண்ணன் வெச்ச கண்ணு தூசு. தலைவர் சிந்தின மை டிசைனு. இந்த கம்ப்யூட்டருக்கு சங்கத்துல எப்படி நடந்துக்கணும்னு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்கோ மேடம்.”

கலையரசியின் முகம் வெளுத்துவிட்டது. “ஐயோ, நான் பாக்கவே இல்ல மேடம்! இருநூத்திப் பதினாலு தாள்... வேல போயிரும்...”

“இந்த வெள்ளைப் பிரதியை வெச்சுத்தான் உமாபதி நெய்ஞ்சிருக்கார். ஊதா தெரியாததால பிறையை டிசைன்னு நம்பிட்டார். நீ வேற யாருக்குக் குடுத்தே?”

“சத்தியமா யாருக்கும் இல்ல. குடுக்கறதா இருந்தா கலர் சிடி என் டிராயர்லயே இருக்குதே, அதுல கண்ணோட இருக்குதே!”

“ஆனா கண்ணு போனது உனக்குத் தெரியாதுன்னு இப்பத்தான் சொன்னே. அப்போ லேசானதையே குடுத்திருக்கலாமே.”

ஸுபத்ரா கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு மணி. கீழே வரும்போது வாசல் பலகையில் கூட்டம். நான்கு மணிக்கு எடுக்கப்போகும் முடிவை, நேரத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு, பரசுராமன் முற்பகலிலேயே டைப் அடித்து ஒட்டச் சொல்லிவிட்டிருந்தார். ‘வீரபத்திரன்’ என்ற பெயரின் கீழே இரட்டைக் கோடு.

*

பரசுராமன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் முன்னறையில், வருகிறவர்கள் எல்லோர் கண்ணிலும் படும்படி, பட்டுத்துணி போர்த்தி அமர்த்தப்பட்டிருந்தது.

“அறிக்கை கொண்டுவந்தீர்களா?”

“ஒரே ஒரு சந்தேகம் சார். அந்த சிடி உங்ககிட்டதானே இருக்கு?”

“என் பூட்டு, என் சாவி. நாள்தோறும் யானே திறந்து நோக்குவேன்.”

“நாள்தோறும்னா, பட்சிக்குக் கண் இல்லாததை நாலு மாசமா பார்த்துக்கிட்டே இருந்திருக்கீங்க.”

வெற்றிலை பாதி வழியில் நின்றது. “என்ன?”

“உங்க பிரதியில கண் இல்லை. தூசுன்னு நினைச்சு கம்ப்யூட்டர் எடுத்துடுச்சு. கலையரசி இப்ப எங்க எதிர்லயே பண்ணிக் காட்டினா. கொஞ்சம் திறந்து காட்டுங்களேன், நாமளும் பார்த்துடலாம்.”

பரசுராமன் எழுந்தார். பட்டுத்துணியை விலக்கினார். மௌஸை எடுத்து உள்ளங்கையில் வைத்து, எடை பார்ப்பதுபோல் சற்று நேரம் பார்த்தார். பிறகு இருந்த இடத்திலேயே வைத்தார்.

“இன்று திறக்காது.”

“ஏன் சார்?”

“இது... ஞாயிற்றுக்கிழமைதான் திறக்கும்.”

சிட்டிபாபு வாயைக் கையால் பொத்திக்கொண்டான். “மத்த நாள்ல நடை சாத்திடுவாங்களா சார்?”

அந்த நேரம் பார்த்துக் காபியோடு வந்தார் பரசுராமனின் மனைவி மங்கையர்க்கரசி. எளிமையான பெண்மணி; வீட்டில் எது ரகசியம், எது ரகசியமில்லை என்று அவருக்கு யாரும் பட்டியல் கொடுத்திருக்கவில்லை.

“இவருக்கு எங்கம்மா தெறக்கத் தெரியும்? ஞாயித்துக்கெழமை உமாபதி தம்பி பின்வாசல் வழியா வந்து தெறந்து காட்டும். ரெண்டு பேரும் கதவச் சாத்திக்கினு ஒரு மணி நேரம் படிப்பாங்கோ. நல்ல புள்ளம்மா, பொறுமையா சொல்லிக் குடுக்குது. இவருக்குத்தான் ஏறமாட்டேங்குது.”

“மங்கை!”

“இன்னாத்துக்குக் கத்தறீங்கோ? போவும்போது சட்டப் பையில சதுரமா ஒரு பிளாஸ்டிக்க வெச்சுக்கினு போவுமே, இன்னா தம்பின்னு கேட்டேன். ‘உங்க வீட்டுப் பிரசாதம் அக்கா’ன்னுச்சு.”

“ஃப்ளாப்பி” என்றான் சிட்டிபாபு பக்தியோடு.

காபி ஆறியது. பரசுராமன் மெல்ல நாற்காலியில் இறங்கினார். மேடைத் தமிழ் அவரை விட்டுப் போயிருந்தது.

“வேற யாருகிட்டம்மா கேப்பேன்? என் பேர்ல கருவூலம் தெறந்தாச்சு. அந்தப் பொண்ணுகிட்டப் போய் இத எப்டி அமுக்கறதுன்னு கேட்டா ஊரே சிரிக்காதா? அவன் எதிரி. எதிரிகிட்ட கத்துக்கினா வெளிய தெரியாதுன்னு நெனச்சேன். அவனும் சொல்லமாட்டான், நானும் சொல்லமாட்டேன்...”

“அவர் சொல்லலை சார். நெய்ஞ்சுட்டார்.”

“இப்ப இன்னா பண்ணப்போறீங்கோ?”

“நடந்ததை எழுதப்போறேன். டிசைன் போனது தலைவர் வீட்டிலேருந்து. கம்ப்யூட்டர் திறக்கத் தெரியாததால, திறந்து தரக் கூப்பிட்ட ஆள் எடுத்துட்டுப் போனார். வீரபத்திரனுக்கு இதுல சம்பந்தமே இல்லை.”

பரசுராமன் முன்னால் குனிந்தார். குரல் கிசுகிசுப்பாயிற்று.

“ஒரு உபகாரம் பண்ணுங்கம்மா. நானே வித்தேன்னு வேணா எழுதிக்கோங்க. தெரியாதுன்னு மட்டும் எழுதாதீங்கோ.”

ஸுபத்ரா தன் தொழிலில் குற்றத்தை மறுக்கக் காசு கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறாள். கெஞ்சிக் குற்றத்தை வாங்கிக்கொள்ள வந்தவரை இப்போதுதான் பார்த்தாள்.

“வித்தேன்னு எழுதினா அது பொய் சார்” என்றாள்.

*

நான்கு மணிக்கு நிர்வாகக் குழு ஏழு பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். வீரபத்திரனை வரவழைத்து மூலையில் நிறுத்தி வைத்திருந்தார்கள், நாற்காலி போடவில்லை. கலையரசி கதவுக்கு வெளியே நின்றாள். ஸுபத்ரா அறிக்கையைப் படித்தாள். ஒன்றரைப் பக்கம்.

‘கம்ப்யூட்டர் திறக்கத் தெரியாததால்’ என்ற இடம் வந்தபோது யாராவது சிரிப்பார்கள் என்று சிட்டிபாபு காத்திருந்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. ஏழு பேரில் ஏழு பேருக்கும் திறக்கத் தெரியாது. எல்லோரும் தத்தம் நகங்களைக் கவனித்தார்கள்.

துணைத்தலைவர் கனைத்தார். “ஆக, வீரபத்திரன் நிரபராதி. இதை இதோட விட்டுடலாம். தலைவர் மானமும் நம்ம மானமும் ஒண்ணுதானே. வீரபத்திரனுக்கு ஒரு பொன்னாடை போத்தி...”

பொன்னாடை எங்கிருந்தோ உடனே வந்தது. அந்தச் சங்கத்தில் அவசரத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கிடைக்காது, பொன்னாடை கிடைக்கும். பரசுராமன் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு மூலைக்கு நடந்தார். புகைப்படக்காரர் இல்லாததால் எந்தப் பக்கம் திரும்பி நிற்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

வீரபத்திரன் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

“வேணாம் தலைவரே.”

“ஏம்பா? மரியாதைப்பா.”

“உள்ள போத்தறீங்கோ. அத ஏழு பேர் பாப்பாங்கோ. வெளிய பலகைல என் பேர எரநூறு பேர் படிச்சுட்டுப் போயிட்டாங்கோ. என் பொண்ணு காலேஜ்லருந்து அந்த வழியாத்தான் வந்துச்சு.”

“கிழிச்சுடச் சொல்றேன்...”

“கிழிக்காதீங்கோ. கிழிச்சா எவனோ கிழிச்சான்னுதான் நெனப்பாங்கோ. அதும்மேலயே ஒட்டுங்கோ. அதே சைசு எழுத்து. நான் எடுக்கலன்னு. யார் வீட்லருந்து போச்சுன்னு. எப்டிப் போச்சுன்னு.”

“எப்டின்னுமா?” என்றார் பரசுராமன்.

வீரபத்திரன் வாசல் பக்கம் நடந்தார். கதவைத் திறந்து, “கலையரசி, மாடில கம்ப்யூட்டர் போடும்மா, தலைவர் வர்றாரு” என்றார். பிறகு அந்த அறையில் காலியாக இருந்த ஒரே நாற்காலியை, தலைவருடையதை, இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நீங்க சொல்லச் சொல்ல நோட்டீச அந்தப் பொண்ணு அடிக்கும். நான் இங்க இருக்கறேன்.”